தனி அரசமைப்பு நீதிமன்றமா, உச்ச நீதிமன்றத்துக்குள் தனிப் பிரிவா?

தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டாம் முறையாக நிறைவேற்றி அனுப்பிய பத்து மசோதாக்களை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைத்தது செல்லாது என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றும், ஆளுநரும் குடியரசுத் தலைவரும் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. வழங்கியவர்கள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகிய இரு நீதிபதிகள். அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, காலக்கெடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறைக்கும் அரசமைப்புச் சட்டத்தில் இடமில்லை என்று கருத்துரைத்தது.

இரண்டில் எது சரி என்பது தனி விவாதம். ஒரு மாநிலத்தின் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தொடும் கேள்விக்கு ஒரே நீதிமன்றம் எட்டு மாதங்களுக்குள் இரு வேறு விடைகள் சொன்னது எப்படி என்பதே இங்கு நமக்கு வேண்டியது. அரசமைப்புச் சட்டத்தின் பொருள் குறித்து முக்கியமான கேள்வி எழுந்தால் குறைந்தது ஐந்து நீதிபதிகள் அமர வேண்டும் என்று 145(3)ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் எந்தக் கேள்வி அத்தகையது என்பதை, வழக்கு முதலில் யார் முன் வருகிறதோ அந்த இரண்டு அல்லது மூன்று நீதிபதிகளே தீர்மானிக்கிறார்கள். ஐவரை ஒன்றாக உட்காரவைத்தால் மற்ற அமர்வுகள் குறைந்து மேல்முறையீடுகள் தேங்கும் என்பதால் அந்த முடிவைத் தள்ளிப்போடவே நீதிமன்றத்தின் அன்றாட நடைமுறை அவர்களைத் தூண்டுகிறது.

இந்தச் சிக்கலுக்கு மூன்று வழிகள் நெடுங்காலமாகப் பேசப்படுகின்றன. இப்போதுள்ள ஒரே உச்ச நீதிமன்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டுமானால் நீதிபதிகளைக் கூட்டுவது முதல் வழி. ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா போல அரசமைப்பு வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றத்தைப் புதிதாக நிறுவுவது இரண்டாவது. உச்ச நீதிமன்றத்தைக் கலைக்காமல் அதற்குள்ளேயே நிரந்தர அரசமைப்புப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, மேல்முறையீடுகளைச் சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற இடங்களில் அமையும் கிளைகளுக்கு அனுப்புவது மூன்றாவது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் பலன் கண்முன்னே இருக்கிறது. 1950இல் தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டாக இருந்த பணியிடங்கள் 2019இல் 34 ஆயின. நிலுவை வழக்குகளோ 80,000ஐத் தாண்டிவிட்டன. நீதிபதிகள் கூடக் கூட இருவர் அமர்வுகள்தான் பெருகின, ஐவர் அமர்வுகள் அருகின. திங்கள், வெள்ளிக் கிழமைகளில் உச்ச நீதிமன்றத்தின் எந்த அறைக்குப் போனாலும் இதன் காரணத்தைப் பார்க்கலாம். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்திடம் தனி அனுமதி கேட்கும் மனுக்கள், அதாவது 136ஆம் பிரிவின் கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்கள், அன்று வரிசையாக அழைக்கப்படும். வாடகைத் தகராறு, பணி மூப்புச் சண்டை, காசோலை வழக்கு, ஜாமீன் என்று பல பத்து கோப்புகளை இரு நீதிபதிகள் முந்தைய இரவே படித்துவிட்டு வந்திருப்பார்கள். வழக்கறிஞர் எழுந்து முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் "தள்ளுபடி" என்றோ "நோட்டீஸ்" என்றோ சொல் வந்துவிடும். விதிவிலக்காக இருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட ஒரு பிரிவு நீதிமன்றத்தின் முழுநேரத் தொழிலாகிவிட்டது.

அதன் விலையை அரசமைப்பு வழக்குகள் கொடுக்கின்றன. 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கத்தின் சட்டத்தன்மை பற்றி 2023 ஜனவரி 2 அன்று தீர்ப்பு வந்தது. அந்த நடவடிக்கை சட்டப்படி செல்லாது என்று தனித்து எழுதிய நீதிபதி நாகரத்னாவே, காலம் கடந்துவிட்டதால் இனி நிவாரணம் எதுவும் தர இயலாது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஜம்மு காஷ்மீரின் சிறப்புத் தகுதி 2019 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. தீர்ப்பு வந்தது 2023 டிசம்பரில். கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்று, ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் அந்தப் பணத்தில் நடந்து முடிந்திருந்தன. நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கட்டுக்குள் வைக்கவே மக்களாட்சியில் இப்படியொரு நீதிமன்றம் இருக்கிறது. பெரும்பான்மை தன் வேலையை முடித்துக்கொண்ட பிறகு வரும் தீர்ப்பால் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதான். ஆகவே முதல் வழியைக் கழித்துவிடலாம்.

இரண்டாம் வழிக்குக் கவர்ச்சி அதிகம். தனி அரசமைப்பு நீதிமன்றம் என்ற எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஆஸ்திரியச் சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன். 1920இல் ஆஸ்திரியாவின் அரசமைப்பில் அது இடம்பெற்றது, அவரும் அந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத தீர்ப்புகளுக்குப் பின் அந்த நீதிமன்றம் திருத்தி அமைக்கப்பட்டு 1930இல் அவர் வெளியேற்றப்பட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். இந்த மாதிரி பிறந்த பத்தாண்டுக்குள்ளேயே அதன் பலவீனமும் தெரிந்துவிட்டது.

இந்த மாதிரி நன்றாக வேலை செய்யும் இடம் ஜெர்மனி. கார்ல்ஸ்ரூஹ நகரில் 1951 முதல் இயங்கும் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தில் 16 நீதிபதிகள், எட்டு எட்டுப் பேராக இரு பிரிவுகளில் அமர்கிறார்கள். பாதிப் பேரை நாடாளுமன்றத்தின் கீழவையும் மீதிப் பேரை மாநில அரசுகளின் அவையும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தேர்ந்தெடுக்கின்றன. பதவிக்காலம் 12 ஆண்டுகள், மறுமுறை கிடையாது. அதாவது, நியமிக்க ஆளுங்கட்சியின் ஆதரவு மட்டும் போதாது, நியமனம் ஆன பிறகு யாரையும் மகிழ்விக்க வேண்டிய தேவையும் இல்லை. அங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எந்த வழக்கு எந்தப் பிரிவுக்குப் போகும் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. தனக்குரிய நீதிபதியை எவரிடமிருந்தும் பறிக்கக்கூடாது என்று ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு வந்த பிறகு அதற்கேற்ற நீதிபதிகளைத் தேடிப் பொறுக்கும் வேலைக்கே அங்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றமும் இதையே வேறு விதத்தில் செய்கிறது: 11 நீதிபதிகள், அமர்வுகளாகப் பிரியாமல் அனைவரும் சேர்ந்தே விசாரிக்கிறார்கள்.

இந்தியாவில் நிலைமை என்ன? 2018 ஜனவரி 12 அன்று நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைச் சந்தித்து முன்வைத்த குறை, முக்கியமான வழக்குகள் எந்த அமர்வுக்கு ஒதுக்கப்படுகின்றன என்பதைப் பற்றியதே. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், வழக்குகளை ஒதுக்கும் அதிகாரம் தலைமை நீதிபதி ஒருவருக்கே உரியது என்று மீண்டும் உறுதிசெய்தது. எந்த அரசமைப்பு வழக்கு எப்போது பட்டியலில் ஏறும், அதை எந்த ஐவர் கேட்பார்கள் என்ற இரண்டுமே, பெரும்பாலும் குறுகிய காலமே பதவியில் இருக்கும் ஒருவரின் விருப்பத்தில் நிற்கின்றன. தலைமை நீதிபதி யு.யு. லலித் 2022இல் பொறுப்பேற்றபோது ஆண்டு முழுவதும் ஓர் அரசமைப்பு அமர்வாவது இயங்கப் பாடுபடுவேன் என்று அறிவித்தார். சொன்னபடி பல அமர்வுகளை அமைக்கவும் செய்தார். அவர் பதவியில் இருந்தது 74 நாட்கள்.

அப்படியானால் ஜெர்மனியின் மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது எல்லைப் பிரச்சினை. எது அரசமைப்பு வழக்கு, எது சாதாரண வழக்கு என்று கோடு போட முடியும் என்ற நம்பிக்கையில்தான் தனி நீதிமன்றம் கட்டப்படுகிறது. 1950களில் ஹாம்பர்க் நகர அதிகாரி எரிக் லூத், நாஜிக் காலத்தில் யூத வெறுப்புப் படம் எடுத்த இயக்குநரின் புதிய படத்தைப் புறக்கணிக்கும்படி அழைப்பு விடுத்தார். தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடர, உரிமையியல் நீதிமன்றம் அவர் வாயைக் கட்டியது. இரு தனித் தரப்புகளுக்கு இடையிலான சாதாரண வணிக வழக்கு அது. 1958இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துசெய்து, அடிப்படை உரிமைகளின் ஒளி உரிமையியல் சட்டத்தின் மீதும் விழ வேண்டும் என்ற கருத்தை நிலைநாட்டியது. அதோடு கோடு அழிந்தது. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மனுக்கள் கார்ல்ஸ்ரூஹவுக்கு வருகின்றன. மிகப் பெரும்பாலானவற்றை மூன்று நீதிபதிகள் கொண்ட சிறு குழுக்கள் தொடக்கத்திலேயே தள்ளிவிடுகின்றன, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் வெல்கின்றன. தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி போனது. அரசமைப்பு விஷயங்களுக்கு மட்டும் என்று தொடங்கிய நீதிமன்றத்துக்கு, பொது முக்கியத்துவம் உள்ள எந்தச் சட்டக் கேள்வியையும் கேட்கும் அதிகாரத்தை 2013இல் 17ஆம் திருத்தத்தின் மூலம் கொடுத்துவிட்டது. வாழ்வுரிமை பற்றிய 21ஆம் பிரிவை ஜாமீன் மனு முதல் குப்பைக் கிடங்கு வழக்கு வரை எல்லாவற்றிலும் வாதிடும் இந்தியாவில் அந்தக் கோடு ஒரு வாரம்கூடத் தாங்காது.

கோடு மங்கும்போது இரு உச்ச அமைப்புகள் மோதிக்கொள்ளும். துருக்கியில் நடந்தது இதுதான். சிறையில் இருந்தபடியே 2023 மே மாதம் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஜான் அதலாய் என்ற வழக்கறிஞரின் உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் பிரிவு அதற்குக் கட்டுப்பட மறுத்ததோடு, அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகள் மீதே குற்றப் புகாரும் கொடுத்தது. 2024 ஜனவரியில் அதலாயின் உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. இரண்டு உச்ச நீதிமன்றங்கள் சண்டையிட்டபோது அரசாங்கம் தனக்கு வசதியான தீர்ப்பைப் பின்பற்றியது.

இரண்டாவது தடை நியமனம். சிறிய, புதிய நீதிமன்றத்தை வசப்படுத்துவது பெரிய, பழைய நீதிமன்றத்தை வசப்படுத்துவதைவிட எளிது. ஹங்கேரியில் 2010க்குப் பின் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை பெற்ற ஆளுங்கட்சி, அரசமைப்பு நீதிமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கையை 11இலிருந்து 15 ஆக்கியது. நியமன முறையைத் தனக்கேற்ப மாற்றியது. வரவுசெலவுத் திட்டம், வரி தொடர்பான சட்டங்களை ஆராயும் அதிகாரத்தையும் பெருமளவு வெட்டியது. ஒரு நீதிபதியைக்கூட நீக்க வேண்டியிருக்கவில்லை. போலந்தில் 2015இல் முறையாகத் தேர்வான மூன்று நீதிபதிகளுக்கு அதிபர் பதவிப் பிரமாணம் செய்துவைக்க மறுத்தார், பிறகு அரசு தீர்ப்பு ஒன்றை அரசிதழில் வெளியிடவும் மறுத்தது. நமக்குப் பக்கத்தில் பாகிஸ்தான் 2025 நவம்பரில் 27ஆம் திருத்தத்தின் மூலம் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தை நிறுவியது. அதன் முதல் நீதிபதிகள் அரசாங்கத்தின் ஆலோசனைப்படி நியமிக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகளான மன்சூர் அலி ஷாவும் அதர் மினல்லாவும் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார்கள். அரசமைப்பு வழக்குகளை விரைவாக முடிக்கவே இந்த ஏற்பாடு என்றுதான் அங்கும் சொல்லப்பட்டது. காரணம் எவ்வளவு நியாயமாக ஒலித்தாலும், புதிய நீதிமன்றத்தின் முதல் நாற்காலிகளை நிரப்புகிறவரே அதன் போக்கைத் தீர்மானிக்கிறார்.

இந்தியாவில் அந்த நாற்காலிகளை யார் நிரப்புவது? மூத்த நீதிபதிகளே புதிய நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியத்தை மாற்றி தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைக் கொண்டுவந்த 99ஆம் திருத்தத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே செல்லாதென்று அறிவித்தது. எனவே அரசுக்கு மேலோங்கிய பங்கு தரும் எந்த முறையும் அதே கதியை அடையலாம். ஜெர்மனி போல மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைத்தால் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஜெர்மனியிலேயே 2025 ஜூலையில் அந்தப் பேச்சு முறிந்து ஒரு தேர்வு நின்றுபோனது, பல வாரங்கள் கழித்தே வேறு பெயரோடு முடிந்தது. இங்கே ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். முதல் லோக்பால் நியமிக்கப்பட்டதோ 2019 மார்ச்சில். தேர்வுக் குழுவில் இடம்பெற வேண்டிய எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவியே மக்களவையில் யாருக்கும் அங்கீகரிக்கப்படவில்லை என்பது அந்தத் தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஐந்தாண்டுகள் காலியாகக் கிடக்கும் அரசமைப்பு நீதிமன்றம், தாமதமான தீர்ப்பைவிட மோசமானது.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1972இன் அரசமைப்பு தனியே ஓர் அரசமைப்பு நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. பத்திரிகைப் பேரவை மசோதா பற்றி முடிவு சொல்ல அதற்கு இரண்டு வாரங்களே தரப்பட்டன. அதற்குள் விசாரணை முடியாததால் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மோதல் மூண்டு நீதிபதிகள் விலகினார்கள். 1978இன் அரசமைப்பு அந்த வேலையை உச்ச நீதிமன்றத்திடமே திருப்பிக் கொடுத்தது. நாடாளுமன்றத்தைக் கலைத்த ஜனாதிபதியின் உத்தரவு செல்லாது என்று 2018 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தது அந்த உச்ச நீதிமன்றத்தில்தான், அதுவும் சில வாரங்களுக்குள். ஒருமுறை நிறைவேறிய சட்டத்தை அங்கே எதிர்க்க முடியாது என்ற பெரிய குறை இன்னும் இருக்கிறது என்றாலும், துணிவும் விரைவும் தனிக் கட்டடத்தால் வருபவை அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாம் வழிக்கு இந்தியச் சட்ட ஆணையத்தின் ஆதரவு பழையது. உச்ச நீதிமன்றத்தை அரசமைப்புப் பிரிவு, சட்டப் பிரிவு என இரண்டாக்கலாம் என்று 1984இல் 95ஆம் அறிக்கை சொன்னது. 1988இல் 125ஆம் அறிக்கை அதை வழிமொழிந்தது. 2009இன் 229ஆம் அறிக்கை, அரசமைப்பு அமர்வு டெல்லியில் இருக்கட்டும், மேல்முறையீடுகளுக்கு நான்கு திசைகளிலும் நான்கு கிளைகள் அமையட்டும் என்றது. தெற்குக் கிளைக்குச் சென்னை அல்லது ஹைதராபாத். மேல்முறையீடுகளுக்குத் தனியாக தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றை உருவாக்கலாம் என்ற மாற்று யோசனையை 1986இல் உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. அந்த நீதிமன்றம் வேண்டும் என்று சென்னை வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கு 2016இல் அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அரசமைப்பு அமர்வுகள் போதிய அளவில் கூடவில்லை என்ற குறையைக் களையும் வழக்கு, அரசமைப்பு அமர்வு கூடுவதற்காகக் காத்திருக்கிறது!

இந்த வழியின் முதல் நன்மை, எல்லைக்கோடு சற்றுத் தவறாக விழுந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்பது. ஒரு மேல்முறையீட்டில் அரசமைப்புக் கேள்வி எழுந்தால் கிளை அதை டெல்லிக்கு அனுப்பும். இரண்டும் ஒரே நீதிமன்றம் என்பதால் துருக்கியில் நடந்த மோதலுக்கு வாய்ப்பில்லை. புதிய நாற்காலிகளும் இல்லை. அதைவிட, சாதாரண வழக்காளிக்கு உடனே பயன் தருவது இது ஒன்றே. தூத்துக்குடியில் நிலத் தகராறில் தோற்றவர் இன்று டெல்லி வழக்கறிஞரைப் பிடித்து, 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, சில நிமிட விசாரணைக்குக் காத்திருக்கிறார். 2004இல் மதுரைக் கிளை வந்தபோது தென்மாவட்ட மக்களுக்குச் சென்னைப் பயணம் மிச்சமானது. சென்னை உயர் நீதிமன்றம் அதனால் இரண்டாகிவிடவில்லை. கிளைகள் வந்தால் நீதிமன்றத்தின் ஒருமை குலையும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் பலமுறை இந்தக் கோரிக்கையை மறுத்திருக்கிறது. பதினைந்து அறைகளில் பதினைந்து இருவர் அமர்வுகள் ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகளை எழுதும் இடத்தில் எந்த ஒருமை இனிக் குலைய இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் பிரிவு என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு நேபாளம் எடுத்துக்காட்டு. 2015இன் அரசமைப்பு அங்கே உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே ஐந்து பேர் கொண்ட அரசமைப்பு அமர்வை உருவாக்கியது. தலைமை நீதிபதி தலைமை ஏற்பார், நீதித்துறைப் பேரவை பரிந்துரைக்கும் பட்டியலிலிருந்து மற்ற நால்வரையும் அவரே தேர்ந்தெடுப்பார். 2021இல் பிரதிநிதிகள் சபை கலைக்கப்பட்ட வழக்கில், அமர்வில் யார் உட்காருவது என்பதே முதல் வழக்காகி, மூப்பு அடிப்படையில் அமர்வைத் திருத்தி அமைத்த பிறகுதான் விசாரணை நகர்ந்தது. ஒருவர் கையில் தேர்வு இருக்கும்வரை, அவர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும், தீர்ப்பை ஏற்காதவர்கள் அமர்வைச் சந்தேகிக்கவே செய்வார்கள்.

ஆகவே என் தேர்வு மூன்றாம் வழி, ஆனால் ஜெர்மனியின் 101ஆம் பிரிவை அதற்குள் கொண்டுவந்து பொருத்திய மூன்றாம் வழி. அரசமைப்புப் பிரிவில் மூப்பு வரிசைப்படி ஒன்பது நீதிபதிகள் நிலையாக அமர வேண்டும். ஒருவர் ஓய்வுபெறும்போது அடுத்தவர் தானாக ஏற வேண்டும். மூப்பு திறமைக்கு அளவுகோல் ஆகாது என்பது உண்மை. யாரும் கைவைக்க முடியாத அளவுகோல் என்பதே அதன் தகுதி. மத்திய அல்லது மாநிலச் சட்டமொன்றின் செல்லுபடியை எதிர்க்கும் மனுவும், மத்திய மாநில அரசுகளுக்கு இடையிலான வழக்கும் பதிவான நாளிலேயே அந்தப் பிரிவுக்குப் போக வேண்டும். முக்கியக் கேள்வியா இல்லையா என்று இரு நீதிபதிகள் முதலில் சலித்துப் பார்க்கும் கட்டம் வேண்டியதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் விசாரணையை முடிக்க முடியாவிட்டால் இடைக்காலத் தடை பற்றியாவது காரணங்களோடு எழுத்துப்பூர்வமாக முடிவு சொல்ல வேண்டும் என்பதும் விதியாக வேண்டும். தேர்தல் பத்திர வழக்கில் அப்படியொரு கட்டாயம் இருந்திருந்தால், தடை கிடைத்திருக்குமோ இல்லையோ, ஆண்டுக்கணக்கில் வழக்கை அப்படியே விட்டுவைத்திருக்க முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. மூத்த ஒன்பது பேர் அரசமைப்பு வழக்குகளை மட்டுமே கேட்டால், ஒரு ஜாமீன் மனுவிலும் பணி நீக்கத்திலும் சாதாரண மனிதர் படும் பாடு அவர்கள் கண்ணில் படாமலே போகும். உரிமைகளைப் பற்றிய தீர்ப்புகள் ஏட்டறிவாகிவிடும். இதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். ஒன்பது பேரும் ஆண்டில் சில வாரங்கள் சென்னையிலோ கொல்கத்தாவிலோ கிளையில் அமர்ந்து மேல்முறையீடுகளைக் கேட்க வேண்டும் என்று வைப்பது ஓரளவு உதவும். முழுத் தீர்வு ஆகாது.

நடைமுறையில் எது முதலில் முடியும் என்று பார்த்தாலும் மூன்றாம் வழியே முந்துகிறது. தனி நீதிமன்றத்துக்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பாதி மாநிலங்களின் ஒப்புதல், பிறகு அந்தத் திருத்தத்தின் மீதே ஒரு வழக்கு. நிரந்தரப் பிரிவுக்கோ 145ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் தன் விதிகளைத் தானே திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால் போதும். டெல்லிக்கு வெளியே அமர்வதற்கு 130ஆம் பிரிவில் 1950 முதலே வழி இருக்கிறது: தலைமை நீதிபதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு இடத்தைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவே.